பல்கலைக்கழகச் சட்ட கிளினிக் என்றால் என்ன? மாணவர்கள் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

சட்ட கிளினிக் என்பது பல்கலைக்கழகமே நடத்தும் இலவச வக்கீல் அலுவலகம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வருவார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் அவர்கள் பிரச்சினையைக் கேட்டு வேலை பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு.

ஏன் இந்த ஏற்பாடு? புத்தகத்தில் வழக்கு சுத்தமாக இருக்கும், நேரில் வருபவர் கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மா, வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசரைத் திட்டியே அரை மணி நேரம் போய்விடும். மாணவர் முதலில் கேட்க வேண்டியது, "என்றைக்கு நிறுத்தினார்கள்?" தென்னாப்பிரிக்காவில் நியாயமற்ற பணிநீக்கப் புகாரை 30 நாட்களுக்குள் வேலைத் தகராறுகளைப் பார்க்கும் சமரச ஆணையத்தில் (CCMA) கொடுக்க வேண்டும், தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி கேட்க வேண்டும். அப்புறம்தான் சம்பளச் சீட்டு, கடிதம் எல்லாம். மாணவர் எழுதியதை மேற்பார்வை வக்கீல் அடித்துத் திருத்தித் தருவார். என்னைக் கேட்டால், உண்மையான பாடமே அதுதான்.

லேர்னர்ஸ் லைசென்ஸில் கார் ஓட்டுவது மாதிரி: ஸ்டீயரிங் மாணவர் கையில், பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர்.

மாணவரே கோர்ட்டில் எழுந்து வாதாடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் அப்படி வாதாடுவதில்லை. அது கிளினிக்கின் வக்கீலோ, பட்டம் முடித்த பயிற்சி வக்கீலோ செய்கிற வேலை.