மரத்தை இப்போதே நடுங்கள், கத்தரிக்குப் பொறுத்திருங்கள்

கேள்வி: சென்ற இலையுதிர் காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். பின்வளவு முப்பதடிக்கு நாற்பதடி இருக்கும், களிமண். ஓர் ஆப்பிள் மரமும் ஒரு செரி மரமும் வைக்க ஆசை. அம்மாவுக்குக் கத்தரி, பச்சை மிளகாய், பாகல் வேண்டும். ஏப்ரல் பிறந்தும் காலையில் புல்லின்மேல் உறைபனி கிடக்கிறது. வாடகை வீட்டில் இருந்தபோது மே முதல் வாரம் நட்ட தக்காளி ஒரே இரவில் கறுத்துவிட்டது. அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் ஜூன் மாதத்துக்குத் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறேன். குழி மூன்றடி ஆழம் வேண்டும், அடியில் எரு போட வேண்டும் என்கிறார் அம்மா. சரியா?

பதில்: தக்காளியைத் தள்ளிப்போடுங்கள். மரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வளவில் இரண்டு வகை உயிர்கள் வளரப்போகின்றன. ஆப்பிளும் செரியும் குளிர்நாட்டு மரங்கள். இலையுதிர்த்து, மொட்டை இறுக மூடிக்கொண்டு உறங்கும் கன்றை உறைபனி ஒன்றும் செய்யாது. மண் ஐந்தாறு பாகை செல்சியஸைத் தொட்டதும் அதன் வேர் மெல்ல அசையத் தொடங்கும். இலை விரிந்து தண்ணீர் கேட்பதற்குள் புதிய மண்ணைப் பிடித்துக்கொள்ள அதற்குச் சில வாரங்கள் கிடைக்க வேண்டும். அந்தச் சில வாரங்கள் இந்தக் குளிர்ந்த ஏப்ரல்தான். ஜூனில் நட்டால், வெயிலில் இலை வாட, வேர் இன்னும் பிடிக்காத கன்றுக்கு நீங்கள் நாள்தோறும் வாளி சுமக்க வேண்டியிருக்கும். கத்தரி, மிளகாய், பாகல் மூன்றும் வெப்பநாட்டுப் பயிர்கள். அவற்றுக்கு ஏப்ரல் நஞ்சு.

ஏப்ரலில் நாற்றுமேடைகளில் மண்ணில்லாத வெறும் வேர்க் கன்றுகள் கிடைக்கும். தொட்டிக் கன்றைவிட விலை குறைவு, வேரையும் கண்ணால் பார்த்து வாங்கலாம். மொட்டு விரியாத கன்றாகத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேரை ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள். முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். காற்றில் காய்ந்த வேர் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மீளாது. தொட்டிக் கன்றுதான் கிடைத்தது என்றால், தொட்டிக்குள் வளையம் வளையமாகச் சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள்.

மண்வெட்டியைத் தூக்குமுன் ஒன்று. ஒன்ராறியோவில் நிலத்தைத் தோண்டுமுன் ‘ஒன்ராறியோ ஒன் கால்’ சேவைக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று ஆள் வந்து அடையாளமிட்டுத் தருவார்கள். கட்டணம் இல்லை. வசந்தத்தில் வேலை குவிந்திருக்கும், ஆகவே இன்றே சொல்லிவையுங்கள்.

இடத்தைத் தேர்வதில் ஏப்ரல் மாதம் கண்ணை ஏமாற்றும். பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் இப்போது இலை இல்லை; வளவு முழுவதும் வெயில் விழும். ஜூனில் அதே மரம் பாதி வளவை இருட்டாக்கிவிடும். கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்து, கோடையில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வெயில் படும் இடமாக எடுங்கள். வளவின் தாழ்ந்த மூலையைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காற்று தண்ணீரைப் போல அங்கே வழிந்து தேங்கும். ஆப்பிள் முழுப் பூவில் இருக்கும்போது வெப்பநிலை மைனஸ் 2 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கினால் பத்தில் ஒரு பூ போகும். மைனஸ் 4 என்றால் பத்தில் ஒன்பது போய்விடும். இரண்டடி உயர வேறுபாடுகூடச் சில ஆண்டுகளில் அந்த வித்தியாசத்தைத் தந்துவிடும்.

இனி அம்மாவின் குழி. அவர் சொல்வது யாழ்ப்பாணத்துத் தென்னங்கன்றுக்குப் பொருந்தும். அங்கே மூன்றடி வெட்டி, பொச்சுமட்டை அடுக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்தால்தான் கன்று கோடையைத் தாண்டும். இங்கே வசந்தத்தில் உங்கள் களிமண்ணுக்கு ஈரம் மிஞ்சிக் கிடக்கிறது. களிமண்ணில் ஆழக் குழி வெட்டி எருவும் நல்ல மண்ணும் நிரப்பினால், அது அடியில் ஓட்டையில்லாத வாளி. பனி உருகும் தண்ணீரெல்லாம் அதில் இறங்கி நிற்கும். மார்க்கம் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி நட்ட ஆப்பிள் மரம் மூன்றாம் ஆண்டில் மஞ்சளாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மண்வெட்டி தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. வேர் முழுவதும் பழைய குழியின் வடிவத்திலேயே, கவிழ்த்த வாளிபோல் இருந்தது. கீழ்ப்பக்கம் கறுத்து, சாக்கடை நாற்றம். அந்த வீட்டு ஐயா ஒரு நாள் முழுவதும் அலவாங்கு பிடித்து வெட்டிய குழி அது. அக்கறைக் குறைவால் போன மரம் அல்ல என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே குழியின் ஆழம் வேரின் உயரம்தான். அதற்குமேல் ஓர் அங்குலமும் வேண்டாம். அகலம் வேர்ப்பரப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். பக்கச் சுவர் மண்வெட்டி பட்டு வழுவழுப்பாகியிருந்தால் கீறிவிடுங்கள். வெட்டிய அதே மண்ணைக் கட்டியுடைத்துத் திரும்பப் போடுங்கள். எருவை உள்ளே போட வேண்டாம், மேலே தூவலாம். முதல் ஆண்டு இரசாயன உரமும் வேண்டாம். முன்னதாகவே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: ஓரடிக் குழியைத் தண்ணீரால் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழி வெட்டாமல், ஓரடி உயரத்தில் அகன்ற மேடு கட்டி அதில் நடுங்கள்.

கன்றின் அடித்தண்டைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் சிறு புடைப்பும் இலேசான வளைவும் கைக்குத் தட்டுப்படும். ஒட்டுக் கட்டிய இடம் அதுதான். அது மண்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் நிற்க வேண்டும். புதைந்தால் மேலே உள்ள ஒட்டுக்கிளை தானே வேர்விட்டுவிடும். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய குட்டை மரம் பெருமரமாகக் கிளம்பும். உங்கள் அளவு வளவுக்குக் குட்டை அடிக்கன்றில், அதாவது மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும் வேர்ப்பகுதியில், ஒட்டியதுதான் ஏற்றது. எம்9 என்ற அடிக்கன்றானால் பத்தடிக்குள் அடங்கும், ஆனால் வேர்ப்பிடிப்பு குறைவு என்பதால் ஆயுள் முழுவதும் ஒரு முட்டுக்கம்பு வேண்டும்.

எந்த ஆப்பிள்? மெக்கின்டோஷ் இந்த மாகாணத்து மண்ணில் பிறந்தது. 1811இல் டண்டெலா என்ற ஊரில் கண்டெடுக்கப்பட்டது. எனக்குப் பிடித்த பழம். ஆனால் அதற்கு ஸ்காப் என்னும் பூஞ்சை நோய் எளிதில் வரும்: இலையில் ஒலிவ் நிறப் புள்ளி, பழத்தில் சொறி. மருந்து தெளிக்க விரும்பாத வீட்டுக்கு நான் லிபர்ட்டியைத்தான் சொல்வேன். ஸ்காப் அதை அண்டாது. ஆப்பிள் தனக்குத்தானே நன்றாகக் கருவுறாது, வேறொரு இன ஆப்பிள் அதே நாட்களில் அருகில் பூக்க வேண்டும். சுற்றிலும் நான்கைந்து வீடுகளைப் பாருங்கள். எங்கேனும் அலங்காரத்துக்கு வைத்த கிராப் ஆப்பிள் என்னும் சிறுகாய் ஆப்பிள் மரம் இருந்தால் தேனீக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டு கன்று வாங்குங்கள்.

செரியில் இனிப்புச் செரி பெரிய மரமாகும், பெரும்பாலான இனங்களுக்குத் துணைமரமும் வேண்டும். புளிப்புச் செரி ஒன்றே ஒன்று போதும். மொன்ட்மோரன்சி நல்ல இனம். இன்னும் சிறிதாக வேண்டுமானால் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட கார்மைன் ஜுவல் ஆளுயரப் புதராகவே நிற்கும். சஸ்கச்சுவான் குளிரையே தாங்கும் செடிக்கு ரொறன்ரோ குளிர் பொருட்டல்ல.

நட்டதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மண்ணை அமரச் செய்யுங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம். மூன்றங்குலத் தடிப்பில் மரச்சீவல் பரப்பி, அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். முதல் கோடையில் மழை இல்லாத வாரத்தில் பதினைந்து இருபது லீட்டர் தண்ணீர், மெதுவாக. இலை உதிர்ந்ததும் அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். பனிக்காலத்தில் பசித்த முயல்கள் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் மரம் செத்துவிடும். பனி குவிந்தபின் முயல் அதன்மேல் நின்று எட்டும் என்பதால் வலை மூன்றடி உயரம் இருக்கட்டும்.

காய்கறிக்கு வருவோம். ஏப்ரலில் அம்மாவின் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, பட்டாணி, வெங்காயம் ஆகியவை குளிரை விரும்புபவை. கொத்தமல்லியைக் கோடையில் விதைத்தால்தான் தொல்லை, இலை வருமுன் பூத்துவிடும். களிமண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகி விரலால் குத்தினாலும் உதிராவிட்டால் அன்றைக்குக் கொத்த வேண்டாம்; ஈரத்தில் கொத்திய களி கோடையில் செங்கல்லாகிவிடும். ஓரடி உயரப் பாத்தி கட்டிக் கம்போஸ்ட்டும் பையில் விற்கும் மக்கிய ஆட்டெருவும் கலந்தால் மண் விரைவில் சூடாகும். அம்மா விரும்பும் எருவுக்குச் சரியான இடம் இந்தப் பாத்திதான்.

மிளகாயும் கத்தரியும் மார்ச்சிலேயே வீட்டுக்குள் முளைத்திருக்க வேண்டும். இனி விதைத்தால் காய்க்கும்முன் அடுத்த உறைபனி வந்துவிடும். இந்த ஆண்டு நாற்றாக வாங்குங்கள். பாகலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஏப்ரல் கடைசியில் சிறு கடதாசிக் கோப்பைகளில் வீட்டின் சூடான மூலையில் ஊன்றுங்கள். வேரை அசைத்தால் பாகல் முறுக்கிக்கொள்ளும், ஆகவே நடும்போது கோப்பையின் அடியைக் கிழித்து அப்படியே இறக்குங்கள்.

இங்குள்ளவர்கள் விக்டோரியா தின வார இறுதியை நடவு நாளாகக் கொள்வார்கள். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமையோடு வரும். தக்காளிக்கு அது போதும். கத்தரிக்கும் பாகலுக்கும் நான் நாள்காட்டியை நம்புவதில்லை. சமையலறை வெப்பமானியைக் காலையில் நான்கங்குல ஆழத்தில் செருகிப் பாருங்கள். மண் 18 பாகை காட்ட வேண்டும்; இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே போகாதிருக்க வேண்டும். பெரும்பாலும் ஜூன் முதல் வாரம் ஆகிவிடும். அதற்குமுன் நட்ட கத்தரி சாகாது, ஆனால் ஊதா நிறம் ஏறி, மூன்று வாரம் ஒரே நிலையில் நிற்கும். பிந்தி நட்டது அதை முந்திவிடும்.

நாற்றை வெளியே வைப்பதற்கும் ஒரு வாரம் பத்து நாள் பழக்கம் வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கடதாசியாகும். நட்டபிறகு மேகமில்லாத, காற்றில்லாத இரவு குளிர்ந்தால் அன்று உறைபனி வரும் என்று கொள்ளுங்கள். உங்கள் தக்காளி கறுத்ததும் இப்படியோர் இரவில்தான் இருக்க வேண்டும். பொழுது சாயும்போதே பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும்.

கடைசியாக ஒன்று. நட்ட முதல் ஆண்டிலேயே ஆப்பிள் பூத்துப் பிஞ்சு பிடிக்கக்கூடும். இரண்டு ஆண்டுகள் அவற்றைக் கிள்ளிவிடுங்கள். வேர் பரவுவதற்கான பலத்தைப் பிஞ்சு உறிஞ்சிவிடும். அம்மாவுக்கு மனம் வராது. செரியில் வரும் ஒரு பிடியை அவருக்கு விட்டுவிடலாம், அதனால் மரத்துக்குக் கேடில்லை.