கணவர் சங்கத் தலைவர், தம்பி ஒப்பந்தக்காரர்: சபையில் நான் கை உயர்த்தலாமா?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பிரதேச சபைக்குத் தெரிவான பெண் உறுப்பினர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் பாதைக்குக் கொங்கிரீட் போடச் சபை பணம் ஒதுக்கவிருக்கிறது. வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே கொடுக்கலாம் என்கிறார்கள். சங்கத் தலைவர் என் கணவர். இல்லையென்றால் விலைமனு கோருவார்கள். என் தம்பி விண்ணப்பிப்பார். நான் என்ன செய்ய வேண்டும்?"

பாதை வேண்டும் என்பதற்குத் தாராளமாகக் கை உயர்த்துங்கள். அந்த வழியில் நீங்களும் நடப்பதால் அது தவறாகிவிடாது. அதற்காகத்தான் மக்கள் வாக்களித்தார்கள். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பது வேறு தீர்மானம். அதில் நீங்கள் இருக்கவே கூடாது. இரண்டையும் தனித்தனித் தீர்மானங்களாக எடுக்கும்படி சபைத் தலைவரான தவிசாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தம்பியின் விடயத்தில், அவர் சொந்தப் பணத்தில் சொந்தத் தொழில் செய்பவரா என்று முதலில் பாருங்கள். லொறி உங்கள் பெயரில் இருக்கிறதா? உங்கள் நகையை அடகு வைத்து முதல் கொடுத்தீர்களா? அப்படியென்றால் ஒப்பந்தத்தில் உங்களுக்கும் பங்குண்டு. சபையின் ஒப்பந்தத்தில் நேரடியாகவோ பிறர் மூலமாகவோ பயன் பெறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமோ நல முரணை, அதாவது பதவிக் கடமையும் சொந்த நலனும் மோதுவதை, குற்றமாகவே சேர்த்திருக்கிறது. உறவினரின் நலனையும் அது விட்டுவைக்கவில்லை.

கணவரின் விடயம் இதைவிடச் சிக்கலானது. சங்கத்துக்கு வேலை கொடுத்தால் போட்டி விலைமனு இராது. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திடுவார், சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். நான்கு அங்குலக் கனத்துக்கு மதிப்பீடு போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வருகிறார். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உறுப்பினரின் கணவர் நிற்கிறார். மூன்று அங்குலம்தான் இருக்கிறது என்று எழுத அந்த உத்தியோகத்தருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்? உங்கள் கணவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த இக்கட்டில் ஒருவரை நிறுத்துவதே தவறு. பிரேரணை வருவதற்கு முன்பே அவர் தலைமையை விட்டு விலகட்டும், அல்லது சங்கம் இந்த வேலையை ஏற்காமல் இருக்கட்டும். பெயருக்கு விலகிவிட்டுப் பின்னால் நின்று நடத்துவது விலகல் ஆகாது.

கூட்டத்துக்கு முன் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். "இந்த வேலைக்கு விலைமனு சமர்ப்பிக்கக்கூடியவர் என் சகோதரர். ஆகவே ஒப்பந்தம் வழங்குவது பற்றிய கலந்துரையாடலிலும் வாக்களிப்பிலும் கலந்துகொள்ள மாட்டேன்" என்ற இரண்டு வரி போதும். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த விடயம் வரும்போது எழுந்து சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியேறுங்கள். வாயைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பது போதாது. உங்கள் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் கை உயர்த்துவார்கள். வெளியேறியது கூட்டறிக்கையில் பதிவானதா என்று அடுத்த கூட்டத்தில் அது உறுதிப்படுத்தப்படும் முன் வாசித்துப் பாருங்கள். வெளியே போன பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தால் செய்ததெல்லாம் வீண். ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டிய வருடாந்தச் சொத்துப் பிரகடனத்தில் கணவரின் சொத்துகளும் அடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"தோட்டத்தில் எல்லோரும் சொந்தக்காரர்கள்தானே, யாருக்குக் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று சங்கத்திலும் கட்சியிலும் சொல்வார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். தோட்டம் கம்பனி நிலம் என்று சொல்லிச் சபைப் பணம் லயத்தடிக்கு வராமலிருந்த காலம் நீண்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்துக்கு 2018இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அவ்வளவு போராடிப் பெற்ற பணத்தில் போடும் பாதை இரண்டு மழைக்குள் பெயர்ந்தால், அந்தக் கல்லில் கொழுந்துக் கூடையோடு நடப்பது நம் பெண்கள்தான்.

மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், பாதையின் நீளம், கனம் ஆகியவற்றை எழுதிய பலகையொன்றைப் பாதையின் தொடக்கத்தில் வைக்கும்படி சபையில் நீங்களே பிரேரியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி யார் கேட்டாலும் சபை கொடுக்க வேண்டிய விவரங்கள்தாம் இவை. சென்ற கூட்டத்திலேயே கை உயர்த்திவிட்டீர்களா? அப்படியானால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் அதே கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்து, நீங்கள் இல்லாமல் அந்தத் தீர்மானத்தை மீண்டும் எடுக்கும்படி கேளுங்கள்.