கேள்வி–பதில்: நடந்தால் தாவும் ஊசி

கேள்வி: மரப்பலகைத் தளத்தில் லின் சோன்டெக் எல்பி12 டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) வைத்திருக்கிறேன். பக்கத்தில் நடந்தாலே ஊசி தாவுகிறது. உள்ளே தட்டையும் ஆர்மையும் தாங்கும் மூன்று ஸ்பிரிங்குகளின் நட்டையும் இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. கடினமான ஸ்பிரிங் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நட்டைத் திருகினால் உயரம்தான் மாறும். சுமை அதேதான் என்பதால் ஸ்பிரிங் அமுங்கும் அளவு மாறாது. ஆடும் வேகமும் மாறாது. 16 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் சுமார் 4 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு நான்கு முறை, ஆடும். அதைப்போல 1.4 மடங்கு, அதாவது 5.6 ஹெர்ட்ஸ், தாண்டிய அதிர்வைத்தான் அது தடுக்கும். 4 ஹெர்ட்ஸை ஒட்டி வருவதைப் பெருக்கிவிடும். நொடிக்கு இரண்டடி வைத்து நடந்தால் பலகையில் 2 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 4 ஹெர்ட்ஸும் எழும். கோளாறு அங்கேதான். கடினமான ஸ்பிரிங் போட்டால் டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) சொந்த அதிர்வை நெருங்கி, வேறு தொல்லை வரும்.

டர்ன்டேபிளைத் தளத்திலிருந்து எடுத்து, செங்கல் சுவரில் திருகிய கனமில்லாத, விறைப்பான அலமாரியில் வையுங்கள். பலகைத் தடுப்புச் சுவர் உதவாது, அதுவும் தளத்தோடு சேர்ந்து ஆடும்.

நட்டைத் தொட்டுவிட்டதால் ஸ்பிரிங்குகளை மறுபடி சரிசெய்தாக வேண்டும். கவிழ்த்தால் நடுத்தண்டு சுழலும் பேரிங்கின் எண்ணெய் கொட்டும். நடுவில் திறந்த சட்டத்தின்மேல் வைத்து அடியிலிருந்து வேலை செய்யுங்கள். பிளாட்டர் (சுழலும் தட்டு), அதன்மேல் விரிக்கும் மேட், இசைத்தட்டு எல்லாம் மேலே இருக்கட்டும், ஆர்மைப் பூட்டிவிடுங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள். முதலில் ஆர்ம் பொருத்திய பலகை வெளிப்பெட்டியின் சுற்றுச்சட்டத்தோடு சமமாக நிற்கும்படி நட்டுகளைத் திருகுங்கள். பிறகு நடுத்தண்டை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் அலைந்தால், நட்டை விட்டுவிட்டு ஸ்பிரிங்கையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பாருங்கள். சுருளின் முனை ஒரு பக்கமாகத் தள்ளுவதுதான் காரணம். பக்க ஆட்டம் பெல்ட்டின் இழுவையை மாற்றும், நீண்ட பியானோ சுரம் நடுங்கும். எவ்வளவு சுழற்றியும் அடங்கவில்லையா? ஸ்பிரிங்கின் முனைகளில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கும், அல்லது ஆர்ம் கேபிள் எங்காவது இழுத்துப் பிடித்திருக்கும். கேபிளை முதலில் பாருங்கள்.

கேள்வி: இசையே இல்லாத இடத்திலும் வூஃபர் (தாழ்சுர ஸ்பீக்கர்) கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறதே?

பதில்: வளைந்த இசைத்தட்டு ஆர்மை அதன் சொந்த அதிர்வில் ஆட்டுகிறது. ஆர்மின் செயல் நிறை (ஆடும்போது ஊசியிடத்தில் உணரப்படும் நிறை), கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பெட்டி), அதை மாட்டும் திருகு மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கும் என்ற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். 19 கிராம், கம்ப்ளையன்ஸ் 12 என்றால் 10.5 ஹெர்ட்ஸ், நல்லது. 8-க்குக் கீழே வந்தால் கனம் குறைந்த கார்ட்ரிட்ஜோ, கம்ப்ளையன்ஸ் குறைந்ததோ மாட்டுங்கள். ஜப்பானியத் தயாரிப்புகள் பல கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகின்றன. அதை ஏறத்தாழ 1.5 முதல் 2 மடங்காக்கிய பிறகே கணக்கில் போடுங்கள்.