பாய்ப்படகும் பிழைப்பும் – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணா,

எழுத்துக்கு வருமுன் ஆறு வருடம் சின்னப் பாய்ப்படகுகள் கட்டி விற்றதாகப் பழைய கட்டுரை ஒன்றில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 31 வயது. கட்டுமான நிறுவனம் ஒன்றில் பொறியாளர். போன வருடம் மொட்டைமாடியில் இரவும் ஞாயிற்றுக்கிழமையுமாக ஏழு மாதம் உழைத்து, மெரைன் பிளைவுட்டில் 12 அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டினேன். வரைபடம் விலைக்கு வாங்கியது. மணக்குடிக் காயலில் இறக்கினேன், ஓடுகிறது. காற்று கொஞ்சம் ஏறினால் மட்டும் படகு காற்றைப் பார்த்தே மூக்கைத் திருப்புகிறது. சுக்கானைப் பிடித்துக் கை வலிக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன விலை?” என்கிறார்கள். ஒரு ரிசார்ட்டில் நாலு படகு கட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. மனைவி, “முதலில் கணக்கைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்” என்கிறார். இதில் பிழைக்க முடியுமா அண்ணா?

எஸ்., நாகர்கோவில்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு மாதம் என்கிறீர்கள். எத்தனை மணி நேரம்? எழுதி வைத்திருந்தால் அதுதான் உங்களிடம் இருக்கும் மதிப்புள்ள காகிதம். இல்லையென்றால் அடுத்த படகுக்கு முதல் நாளே ஒரு நோட்டுப் போடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் நானும் ஒரு நண்பரும் வேலை செய்தோம். முதல் இரண்டு படகுக்கும் நாங்கள் நேரத்தை எழுதவில்லை. மூன்றாவதுக்கு எழுதினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 260 மணி நேரம். பலகை வெட்டி, தைத்து, ஒட்டி, படகு என்று சொல்லும்படி உருவம் எழுந்து நின்றது முதல் 60 மணிக்குள். மீதி 200 மணியும் தேய்ப்பு, எபாக்சிப் பசைப் பூச்சு, மறுபடி தேய்ப்பு, பெயின்ட், கப்பி, கொண்டி, சுக்கான். உருவம் எழுந்த அன்றைக்கு வருகிற சந்தோஷத்தில்தான் எல்லோரும் விலையை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். பொருள் செலவைக் கழித்து மிச்சத்தை 260-ஆல் வகுத்துப் பார்த்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள் வேலைக்கு வந்தவருக்கு எங்களைவிடக் கூலி அதிகம்.

சரி, விலையை ஏற்றலாம் என்றால் எதிரே நிற்பவரின் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. நம் கடற்கரையில் இருப்பவருக்கு ஒரு ஃபைபர் மீன்பிடிப் படகு என்ன விலை என்று தெரியும். அதில் பாதி நீளம்கூட இல்லாத ஒன்றுக்கு, எஞ்சினும் இல்லாததற்கு, அந்த விலைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டால் அவர் முகம் மாறும். மீன்பிடிப் படகுக்கு ஒரு வரி, பொழுதுபோக்குப் படகுக்கு அதைவிடப் பல மடங்கு வரி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களில் முட்டத்தில் பிளைவுட் படகு கட்டினார்கள். கட்டுமரத்துக்கு வேண்டிய மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து, தையலின் மேல் ஃபைபர் ஒட்டும் முறை. உங்கள் மொட்டைமாடியில் நீங்கள் செய்ததும் அதேதான். அந்தத் தொழில் காலூன்றியதற்குக் காரணம் வாங்கியவர் மீனவர் என்பது. படகு மறுநாள் காலையிலேயே சம்பாதிக்கத் தொடங்கியது. தன் விலையைத் தானே கட்டியது. பின்னால் மீனவர் சங்கங்கள் இருந்தன. வெளிப்பொருத்து எஞ்சின் வந்ததும் பாய் போனது, கட்டும் தொழில் போகவில்லை.

நீங்கள் கட்டியிருப்பது வாங்குபவருக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தராத படகு. ஆகவே அவருக்கு வேறு ஏதோ ஒன்று கிடைத்தாக வேண்டும். அது என்ன என்று கண்டுபிடித்தவர்கள்தான் உலகத்தில் இந்தத் தொழிலில் நிலைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது துணை. அதே படகை வைத்திருக்கும் இன்னொரு ஆள். ஒரு படகு தண்ணீரில் தனியாகச் சுற்றினால் மூன்று மாதத்தில் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும். ஒரே மாதிரி ஐந்து படகு இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும், தோற்றவர் அதற்கடுத்த ஞாயிறும் வருவார்.

இதை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் லேசர் என்ற போட்டிப் பாய்ப்படகைப் பாருங்கள். 1969-இல் மாண்ட்ரியலில் படகு கட்டிக்கொண்டிருந்த இயன் புரூஸுக்கு ஒரு யோசனை வந்தது: முகாம் போகிறவர்கள் கார் கூரையில் கட்டி எடுத்துப் போக ஒரு படகு. வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கிர்பி காகிதத்தில் கிறுக்கிய கோடுதான் அந்தப் படகு. முகாம் வியாபாரம் கைகூடவில்லை, வரைபடம் சும்மா கிடந்தது. 1970-இல் ஒரு போட்டிக்காக அதைக் கட்டி எடுத்துப் போனார்கள். பாயையும் பாய்மரத்தையும் திருத்திய பிறகு, 1971 தொடக்கத்தில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தார்கள். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டுவிட்டது. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது.

கட்டுகிறவன் கண்ணோடு அந்தப் படகைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. நீளம் 4.23 மீட்டர், உடல் எடை 59 கிலோ. ஒரே ஆள், ஒரே பாய். பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளே கிடையாது. பாயின் ஓரத்தில் தலையணை உறை மாதிரி ஒரு குழல். அதை இரண்டு துண்டாக வரும் மரத்தில் மாட்டி, மரத்தைப் படகின் குழியில் நட்டுவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கொண்டி, ஒவ்வொரு கொண்டிக்கும் இரண்டு துளை, ஒவ்வொரு துளையும் பின்னாளில் ஒழுகப்போகும் இடம். அவ்வளவையும் வரைபடத்திலேயே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்றாவது படகில் பொருத்திய கப்பிகளையும் கொண்டிகளையும் எண்ணினேன், 34. ஒவ்வொன்றும் இறக்குமதி.

இன்னொன்று. அதே உடலுக்கு மூன்று பாய். பெரியது 7.06 சதுர மீட்டர், ரேடியல் 5.76, சிறியது 4.7. எடை குறைந்தவருக்குச் சின்னப் பாய், அவ்வளவுதான்; அச்சு ஒன்றே. நம் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது அந்த ரேடியல். அப்புறம், பாய் துணி. துணி கிழியும், தளரும். போட்டியில் உரிமம் பெற்றவர் தைத்த பாய்தான் செல்லும் என்று விதி. அதனால் படகு ஒருமுறைதான் விற்கும் என்றாலும் பாய் வருடா வருடம் விற்கும். இந்த ஏற்பாட்டின் பேரில் சண்டையும் வந்தது. உரிமைத்தொகைக்காகக் கிர்பி வயதான காலத்தில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது, படகின் பெயரையே மாற்றி இன்று ஐஎல்சிஏ என்கிறார்கள். ஆனாலும் ஒரு சின்னப் படகு பல பேருக்கு அரை நூற்றாண்டு சோறு போட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டரும் இதே வழிதான். அலைச்சறுக்குப் பலகை செய்து பழகிய கை. 1960-களின் கடைசியில் இரட்டை உடல் படகு ஒன்றைச் செய்தார். தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகை இல்லாததால் மணலில் நேராக ஏற்றிவிடலாம். ஊர் ஊராகக் கடற்கரையில் ஓட்டுபவர்களைச் சேர்த்துப் போட்டி நடந்தது, படகு விற்றது, 1976-இல் பெரிய நிறுவனம் ஒன்று தொழிலையே வாங்கிக்கொண்டது. அந்த இனத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘கேட்டமரான்’, நம் கட்டுமரம்தான். கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது, இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நேர் எதிராக ஒரு மனிதர் உண்டு, அவரை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் முடிக்க முடியாது. கிளார்க் மில்ஸ், ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் ஊர்ப் படகுக் கட்டுநர். 1947-இல் ஊர்ப் பிள்ளைகளுக்காக 50 டாலருக்குள் ஒரு படகு வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பிளைவுட் பலகையில் அடங்கும்படி, மூக்கு மழுங்கிய பெட்டி மாதிரி ஒன்றை வரைந்து, வரைபடத்தை ஊர்ச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அதுதான் ஆப்டிமிஸ்ட். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழகுவது அதில், சென்னைத் துறைமுகத்திலும்தான். அவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. அவர் செய்தது தவறு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் பிழைப்பைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் வழி இங்கிலாந்தின் மிரர் படகு. 1963-இல் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் வந்தது. ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பாரி பக்னெலும் சேர்ந்து செய்தது. 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்புப் பாய். முழுப் படகாக விற்பதைவிட, வெட்டிய பலகைகளையும் செம்புக் கம்பியையும் பசையையும் பெட்டியில் போட்டு விற்றார்கள். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வீட்டுக் கூடத்தில் அப்பாவும் பிள்ளைகளும் தைத்து ஒட்டினார்கள். மொத்தம் 70,000 படகுகளுக்கு மேல் உருவாயின. தையல் படகு நமக்குப் புதிதில்லை. சோழமண்டலக் கரையில் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோயின.

நான் சொன்ன அந்த 200 மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். நீங்கள் செய்தால் அது கூலி, வாங்குபவரிடம் அதைக் கட்டணமாகக் கேட்க முடியாது. அவரே செய்தால் அது அவருடைய மகிழ்ச்சி. நீங்கள் ஏழு மாதம் யாரும் கூலி கொடுக்காமலே மொட்டைமாடியில் நின்றீர்களே! உங்களைப் போல் தமிழ்நாட்டில் இன்னும் ஐம்பது பேர் இருக்க மாட்டார்களா? நாகர்கோவிலிலேயே கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரத்தில் பலகை வெட்டித் தருகிறார்கள். மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட்டில் வெட்டிய துண்டுகள், பசை, பாய், சுக்கான், தமிழில் ஒரு கையேடு. இதைத்தான் நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்பேன். ஒன்று கவனம்: வரைபடம் விலைக்கு வாங்கியது என்கிறீர்கள். பொதுவாக ஒரு வரைபடத்துக்கு ஒரு படகு கட்டத்தான் அனுமதி. வரைந்தவருக்கு எழுதி, ஒரு படகுக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். அது முடியாமல் இரண்டாவது பலகையை வெட்டாதீர்கள்.

ரிசார்ட் விஷயம். எங்களிடமும் ஒரு விடுதி மூன்று படகு கேட்டது. முன்பணம் கொடுத்தார்கள். இரண்டைக் கட்டிக் கொடுத்தோம். வண்ணப்படம் எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பணம் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு படகில் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன், இதைச் சொல்ல வெட்கமில்லை. பணத்துக்காக இல்லை. ஓட்டத் தெரிந்த ஒரு ஆளாவது அங்கே இருந்திருந்தால் அந்தப் படகு தண்ணீரில் இருந்திருக்கும். நாங்கள் அதைப் பேசவே இல்லை. நீங்கள் பேசுங்கள். நாலு படகுக்குப் பதில் இரண்டு, முழுப் பணமும் ஒப்படைக்குமுன், கூடவே அங்கே இருக்கும் இரண்டு பையன்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க தனிக் கட்டணம். மணக்குடிப் பையன்களாக இருந்தால் உங்களைவிட நன்றாகக் காற்றைப் படிப்பார்கள்.

அந்த ஆறு வருடமும் எங்களுக்குச் சோறு போட்டது எது தெரியுமா? பழுது பார்த்தல். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒருவர் படகில் ஒருவர் முட்டுவார்கள். உடைந்த விளிம்புக்கு ஃபைபர் இழை மேட் வைத்து ரெசின் பசை தடவி, தேய்த்து, மேலே ஜெல்கோட் பூச்சு அடித்துக் கொடுத்தால் அன்றைக்கே காசு. பேரம் கிடையாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒன்பது படகு கட்டினோம், ஏழு விற்றது. பழுது பார்த்தவை நூற்றுக்கு மேல் இருக்கும். உங்கள் கரையில் ஃபைபர் படகுகளுக்குப் பஞ்சமா? படகு கட்டும் ஒரு நல்ல ஓடாவியிடம் ஆறு மாதம் சனிக்கிழமைகளில் போய் நில்லுங்கள்.

ஆகவே வேலையை இப்போது விட வேண்டாம். இரண்டாவது படகை முதல் படகின் அச்சு அசலாகக் கட்டி, விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் காயலில் சேர்ந்து ஓடட்டும். விலை கேட்கிறவரை ஏற்றி உட்கார வைத்து சுக்கானைக் கையில் கொடுங்கள். நாலாவது ஆள் பெட்டிக்கு முன்பணம் தந்த பிறகு மனைவியிடம் கணக்கைக் காட்டுங்கள்.

கை வலிக்கும் விஷயம்: முதலில் பாயைக் கொஞ்சம் தளர்த்தி, படகு சாயாமல் இருக்கும்படி விளிம்பில் நன்றாக வெளியே உட்கார்ந்து பாருங்கள். படகு சாய்ந்தால் காற்றைப் பார்த்துத்தான் திரும்பும். அப்போதும் இழுத்தால், பாய்மரம் நிற்கும் குழியின் மேல்வாயில் பின்பக்கமாக ஒரு சின்ன ஆப்பு வைத்து, உச்சி இரண்டு விரற்கடை முன்னால் வரும்படி சாயுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்.