காலியாக இருக்கும் ரோட்டில் எவ்வளவு வேகம் போகலாம்?

நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போடும் வேலையிலேயே வருடங்கள் போன ஆள் நான். வேக வரம்பைப் பற்றிப் பாலக்காட்டுப் பக்கத் தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர் நண்பர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை நண்பர்: சார், மீனாட்சிபுரம் பக்கம் ரோடு நேராக, காலியாகக் கிடக்கிறது. வேக வரம்பை 100 கி.மீ. என்று வைத்தால் என்ன?

பகல் பதினோரு மணிக்குக் காலிதான். காலை ஆறரைக்குப் போய் நின்று பாருங்கள். தோப்பு வேலி இடுக்கிலிருந்து பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட் ஒன்று சட்டென்று ரோட்டில் ஏறும். ஓட்டுகிற பெரியவருக்குக் கண்ணெல்லாம் பால் சொசைட்டி மேல். எதிரே கள் வண்டி அவசரமாக வரும். 65 கி.மீ. வேகத்தில் வருகிறவர் தடையைக் கண்டு நிற்க, 90 மீட்டர் முன்னால் தெரிய வேண்டும் என்பது ரோடு போடுகிறவர்கள் கணக்கு. 100 என்றால் 180 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரமோ இரண்டு மடங்கு. வேலி தார் ரோட்டைத் தொடுகிற இடத்தில் அதற்கு எங்கே போவது?

வேலந்தாவளம் வாசகர்: கேரளாவில் 2023இல் வேக வரம்பை ஏற்றினார்களே?

ஆமாம், ஜூலை 1 முதல். கார்களுக்கு நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் 100, ஆறு வழியில் 110. வாளையாறு ரோட்டில் நடுவே மீடியன், அதாவது இரு திசையையும் பிரிக்கும் தடுப்பு, இருக்கிறது, அங்கே எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே சமயம் பைக்குக்கு 70இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். மிகவும் சரி.

கோவிந்தாபுரம் டாக்ஸி ஓட்டுநர்: நேரம் மிச்சமாகுமே அண்ணா?

30 கி.மீ.க்கு 80இல் இருபத்திரண்டரை நிமிடம், 100இல் பதினெட்டு. மிச்சம் நாலரை நிமிடம் தம்பி. ராத்திரி அந்த ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், பார்த்துத் தூக்க ஆள் வருவதற்கே அதைவிட நேரமாகும்.

இன்னொருவர்: ஆஸ்திரேலியாவில் வரம்பே இல்லாத ரோடு உண்டாமே?

அங்கே நார்தர்ன் டெரிட்டரி என்கிற வட பிரதேசத்தில் 2006 வரை இருந்தது, அப்புறம் 130. 2014இல் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் வரம்பை மறுபடி எடுத்துப் பார்த்து, 2016இல் 130க்கே திரும்பினார்கள். தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பரப்பில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் இடம் அது. நம் ஊருக்கு அது அளவாகாது.

கொழிஞ்சாம்பாறை நண்பர்: சரி, இங்கே ஏற்ற வழியே இல்லையா?

இருக்கிறது. மீடியன் வேண்டும், தோப்புப் பாதைகள் நேரே ரோட்டில் ஏறாமல் ஓரப் பாதையில் சேர வேண்டும். அதெல்லாம் நாளாகும். இப்போதைக்கு வளைவிலும் சொசைட்டி முன்னாலும் வேலியைப் பத்தடி உள்ளே தள்ளச் சொல்லி பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். எழுத நான் வருகிறேன்.