பத்து முறை அமுக்கினால் ஒரு முறை ஓடும் கம்ப்யூட்டர்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். அப்பா 2010-இல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. பழைய பாக்கிக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் ஒரு மாதம் மூடிக் கிடந்த ஆபீஸைத் திறந்து பட்டனை அமுக்கினால், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. விடாமல் பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தடவை ஓடுகிறது. அப்போதும் தேதி 2010 என்று காட்டி, விண்டோஸ் வரும் நேரத்தில் நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. சர்வீஸ் கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. முழுதாகச் செத்த போர்டு பத்தாவது தடவை மட்டும் எழுந்து வராது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் போர்டு மேல் பழி விழுந்திருக்கிறது.

முதல் வேலையாக, இனி பட்டனை அமுக்காதீர்கள். கரன்ட் வந்து வந்து போவது ஹார்டு டிஸ்க்குக்கு நல்லதல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட்டை இறக்குங்கள். கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். சாட்டா–யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கணக்கைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரோடு தனி 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க் யூஎஸ்பி கரன்ட்டில் மட்டும் சுற்றாது. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

இனி கேபினெட். நெசவு ஊர் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு வியாதி உண்டு. தறிக்கூடத்தை ஒட்டிய ஆபீஸ் ஒன்றில் நான் திறந்த பெட்டியில், பிராசஸர் ஃபேனுக்கு அடியில் பஞ்சு படிந்து படிந்து ஃபெல்ட் துணி மாதிரி ஒரே தகடாக உரிந்து வந்தது. அங்கே ஓடிய நூலின் நிறம் அப்படியே அதில் இருந்தது, நீலமும் மெரூனுமாக. அந்தப் போர்வைக்குள் வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலும் சேர்ந்தால் உள்ளே என்ன ஆகும்? பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூட்டில் முதலில் அடிவாங்குவது கெப்பாசிட்டர், அதாவது கரன்ட்டைத் தேக்கித் தரும் சின்ன உருளை. அதன் உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல உலரும். 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. உலர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது முரண்டு பிடிக்கும், நாலைந்து தடவை கரன்ட் வாங்கிச் சூடானதும் ஒத்துழைக்கும். உங்கள் பத்துத் தடவைக் கணக்குக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கெப்பாசிட்டர்கள் கம்ப்யூட்டருக்குக் கரன்ட் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலும் உண்டு, போர்டில் பிராசஸரைச் சுற்றியும் உண்டு. டார்ச் அடித்துப் பாருங்கள்: அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்து ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. சுமை ஏறும்போது தாங்குகிறதா என்பதே கேள்வி. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது ஒன்றே நான் நம்பும் சோதனை. 24 பின் பிளக்கோடு, பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள 4 பின் 12 வோல்ட் பிளக்கையும் மறக்காமல் மாட்டுங்கள். அதை விட்டுவிட்டால் ஃபேன் மட்டும் சுற்றும், திரை வராது.

ஓடுகிறது, ஆனால் திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால் ராம் என்னும் மெமரி பலகையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். போர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இணைத்த போர்டு பீப் பீப் என்று கத்தினால் போர்டும் பிராசஸரும் வேலை செய்கின்றன.

நீலத் திரை வேறு கதை. 2010 என்று தேதி காட்டுவது போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்ததன் அடையாளம். வாட்ச் கடையில் சிஆர்2032 என்று கேட்டால் கிடைக்கும். அது தீர்ந்ததும் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்பும் போர்டு நிரல், தன் பழைய அமைப்பை மறந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை ஏஎச்சிஐ முறையில் படித்துக்கொண்டிருந்தது ஐடிஇ முறைக்குத் தாவும். விண்டோஸ் 7 தடுமாறி நீலத் திரையில் நிற்கும். புது பேட்டரி போட்டு, டெலீட் அல்லது எஃப்2 அமுக்கி பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்யுங்கள். சாட்டா மோடு (டிஸ்க்கைப் படிக்கும் அந்த முறை) இப்போது எதில் இருக்கிறதோ அதற்கு மாற்றானதை வைத்து சேவ் செய்து பாருங்கள். ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டும் அதே அரைச் சுற்றுதான் என்றால் போர்டின் கெப்பாசிட்டரைத்தான் மாற்ற வேண்டும். டிவி ரிப்பேர் செய்யும் கைதேர்ந்தவர்கள் நன்றாகச் செய்வார்கள். அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்கும் ரகம் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மட்டும் புதிது வாங்குங்கள்.