விக்கா ஒரு மதமா? பணியாளரின் விடுப்புக் கோரிக்கையும் அமெரிக்கச் சட்டமும்

கேள்வி: அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், இந்திய மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் கிடங்கு ஒன்றை நடத்தி வருகிறேன். 24 பேர் முழுநேரமாக வேலை செய்கிறார்கள். சரக்குப் பிரிக்கும் பெண் ஒருவர், தாம் தேவி, தேவன் வழிபாடு கொண்ட விக்கா என்னும் சமயத்தைச் சேர்ந்தவர் என்றும், அக்டோபர் 31 மாலையும் மறுநாளும் தமக்குப் பண்டிகை என்பதால் விடுப்பு வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீபாவளிச் சரக்கு வெளியேறும் சமயம் அது. வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் உள்ள பதக்கம் ஒன்றையும் அவர் கழுத்தில் அணிந்து வருகிறார். அதைக் கழற்றச் சொல்லும்படி உடன் வேலை செய்பவர்கள் சிலர் என்னிடம் முறையிடுகிறார்கள். மேற்பார்வையாளரோ, “உன் சபையிலிருந்து கடிதம் வாங்கி வா” என்று அவரிடம் கேட்டிருக்கிறார். விக்கா, பேகன் போன்றவை அரசு அங்கீகரித்த மதங்கள்தானா? இல்லையென்றால் விடுப்பை மறுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வி, அரசு அங்கீகரித்த மதங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து எழுகிறது. இந்தியாவில் ஆறு சமூகங்களைச் சிறுபான்மையினர் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருப்பதையும், பள்ளிச் சான்றிதழ் முதல் எல்லாப் படிவங்களிலும் மதம் என்ற கட்டம் இருப்பதையும் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பட்டியல் எதுவும் கிடையாது. 1791-இல் நடைமுறைக்கு வந்த முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், எந்த மதத்தையும் அரசு நிறுவுவதைத் தடுப்பதால், எது உண்மையான மதம், எது பொய்யான மதம் என்று தரம் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கே இல்லை. ஆகவே ‘விக்கா அங்கீகரிக்கப்பட்டதா’ என்று நீதிமன்றம் கேட்காது. ‘இந்த நம்பிக்கை சமயத் தன்மை உடையதா, இவர் அதை உள்ளபடியே நம்புகிறாரா’ என்ற இரண்டை மட்டுமே கேட்கும். நீங்களும் அந்த இரண்டைத்தான் கேட்க முடியும்.

முதல் கேள்விக்கு விடை கிடைத்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அதுவும் உங்கள் ஊரிலேயே கிடைத்தது. வர்ஜீனியாச் சிறைவாசி ஒருவர், விக்கா முறைப்படி தியானம் செய்யத் தமக்கு மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, வெள்ளை அங்கி போன்றவை வேண்டும் என்று தொடுத்த வழக்கில், அது மாந்திரீக நடைமுறைகளின் கலவையே தவிர மதம் அன்று என்று சிறை நிர்வாகம் வாதிட்டது. ரிச்மண்டில் அமர்ந்திருக்கும் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டெட்மர் எதிர் லாண்டன் என்ற அந்த வழக்கில் 1986-இல் இந்த வாதத்தை ஏற்க மறுத்து, விக்கா சபையின் போதனைகள் அதைப் பின்பற்றுவோரின் வாழ்வில் மற்ற மதங்கள் வகிக்கும் இடத்தையே வகிக்கின்றன என்று கூறி, அது முதலாவது திருத்தத்தின் பாதுகாப்புக்கு உரிய மதமே என்று தீர்ப்பளித்தது. கேட்ட பொருள்களை மட்டும் சிறைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மதம் என்று ஒப்புக்கொள்வது ஒன்று, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறொன்று என்ற இந்த வேறுபாடு உங்களுக்கும் பயன்படும்.

பிற அரசு அமைப்புகளும் இதே வழியில் நடந்துள்ளன. அமெரிக்க ராணுவம் 1978-இலேயே தன் படைச் சமய குருமார்களுக்கான கையேட்டில் விக்காவைச் சேர்த்தது. ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் ஒரு விக்கா சபைக்குச் சொத்து வரி விலக்கு உண்டு என்றது. ஆயினும் ஆப்கானிஸ்தானில் 2005-இல் உயிரிழந்த நெவாடா படைவீரர் ஒருவரின் நினைவுப் பலகையில், இப்போது உங்கள் பணியாளர் அணிந்திருக்கும் அதே நட்சத்திரச் சின்னத்தைப் பொறிக்க, அவருடைய மனைவி வழக்கு வரை போக வேண்டியிருந்தது. 2007 ஏப்ரலில்தான் படைவீரர் விவகாரத் துறை சமரசத்துக்கு வந்து, அனுமதிக்கப்பட்ட சின்னங்களோடு அதையும் சேர்த்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த ஒருவரின் குடும்பத்தை இத்தனை காலம் அலையவிட்டது நியாயமற்றது என்பதே என் கருத்து.

பேகன் என்பது ஒரே சபை அன்று. விக்கா, பழைய கெல்டிய மரபைத் தழுவிய துருயிட் நெறி, வட ஐரோப்பியத் தெய்வங்களை வழிபடும் ஆசாத்ரு முதலிய பல நெறிகளை ஒன்றாகக் குறிக்கும் பொதுப்பெயர் அது. ஜெரால்ட் கார்ட்னர் இங்கிலாந்தில் 1950-களில் பரப்பிய விக்காவில் தேவி, தேவன் வழிபாடும் ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகளும் உண்டு. சாத்தான் வழிபாட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அக்டோபர் 31-இல் வரும் சௌவின், முன்னோரை நினைக்கும் முக்கியப் பண்டிகை. அதே நாளில் ஊரெங்கும் ஹாலோவீன் கொண்டாட்டம் நடப்பதாலேயே, கேளிக்கைக்காக விடுப்புக் கேட்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டக் கூடாது.

நீங்கள் தனியார் முதலாளி என்பதால், உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவது முதலாவது திருத்தம் அன்று. 15 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும் 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தின் ஏழாவது பகுதிதான் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. பணியாளரின் சமய ஒழுகலாறுகளுக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்க வேண்டும் என்ற கடமையை 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் தெளிவாக எழுதி வைத்தது. ‘மிகையான சிரமம்’ ஏற்பட்டால் மட்டுமே நீங்கள் மறுக்கலாம். சிறு செலவைக் காட்டியே மறுத்துவிடலாம் என்று பல ஆண்டுகள் இருந்த நிலையை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில் (கிராஃப் எதிர் டிஜாய், 2023) உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாற்றியது: அந்தத் தொழிலின் தன்மையோடு ஒப்பிடும்போது செலவு கணிசமாக உயர வேண்டும். மேலும், ஒரு மதத்தின் மீது உடன் பணியாளர்கள் காட்டும் வெறுப்பைச் சிரமக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்துகிறது. எனவே பதக்கத்தைப் பற்றி வரும் முறையீடுகள் சட்டத்தின் முன் நிற்காது. கன்வேயர் பெல்ட் அருகில் தொங்கும் சங்கிலி ஆபத்து என்பது உண்மையானால், சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லலாம்; ஆனால் அதே பெல்ட்டின் அருகில் தாலிச் சங்கிலியோடும் சிலுவைச் சங்கிலியோடும் நிற்பவர்களுக்கும் அதே விதியைச் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையாளர் கேட்ட கடிதம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. விக்காவைப் பின்பற்றுவோரில் பலர் எந்தச் சபையிலும் சேராமல் தனியாக வழிபடுபவர்கள். கடிதம் கொடுக்க அவர்களுக்கு ஆள் இல்லை. எந்தப் பிரிவிலும் உறுப்பினராக இல்லாதவரின் சமய நம்பிக்கைக்கும் பாதுகாப்பு உண்டு என்று, அரசின் வேலையின்மை உதவித்தொகை பற்றிய ஃப்ரேஸி வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. உண்மையில் சந்தேகப்படக் காரணம் இருந்தால், உதாரணமாக அதே நாளுக்கு அவர் ஏற்கெனவே வேறு காரணம் சொல்லி விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், அவருடைய வழிபாட்டைப் பற்றி அவரையே எழுதித் தரச் சொல்லலாம். அப்படி எதுவும் இல்லாத நிலையில், தீபாவளிக்கு விடுப்புக் கேட்பவரிடம் கோயிலிலிருந்து கடிதம் கேட்காத நீங்கள், இவரிடம் மட்டும் கேட்டால் அதுவே பாரபட்சத்துக்குச் சான்றாகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியவை இவை. கடிதம் தேவையில்லை என்று அவருக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து பேசி, ஷிப்டை மாற்றிக்கொள்ள முன்வருபவர் உண்டா, வேறொரு நாள் கூடுதல் நேரம் வேலை செய்து ஈடுகட்ட அவருக்குச் சம்மதமா என்று பாருங்கள். அவர் கேட்ட வழியிலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை, பண்டிகைக்கு உண்மையில் இடம் கொடுக்கும் வழியாக இருந்தால் போதும். மற்றவர்களின் சமய விடுப்புக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்றால் இவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. 24 பேர் உள்ள கிடங்கில் ஒன்றரை நாளுக்கு ஒருவர் இல்லாததை, தீபாவளி நெரிசலிலும், கணிசமான செலவு என்று நிரூபிப்பது மிகக் கடினம் என்பது என் கணிப்பு. செலவு கணிசமானதே என்று நீங்கள் கருதினால், மாற்று ஆளுக்கான கூலி, தாமதமாகும் ஆர்டர்கள் ஆகியவற்றின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இந்தக் கோரிக்கையை வைத்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்கவோ, நேரத்தைக் குறைக்கவோ, வேறு வேலைக்கு மாற்றவோ வேண்டாம். அப்படிச் செய்தால் சம்பவம் நடந்த 180 நாள்களுக்குள், இத்தகைய புகார்களை மாநில அமைப்பும் கையாளும் இடங்களில் 300 நாள்களுக்குள், அவர் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு இழப்பீடும் தண்டனைத் தொகையும் சேர்ந்து 50,000 டாலர் வரை விதிக்கப்படலாம், நிலுவைச் சம்பளமும் அவருடைய வழக்கறிஞர் கட்டணமும் தனி. மேற்பார்வையாளரோ மற்றவர்களோ அவரைச் சூனியக்காரி என்று அழைப்பது உங்கள் காதுக்கு வந்தால், அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே. எச்சரிக்கையை எழுத்தில் கொடுத்து, அதன் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.